பவளப் போத்து: மன்னார் வளைகுடாவை முன்வைத்துக் கடல்நீர்த் தொட்டி வளர்ப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பவளத்தின் கிளையை வெட்டிச் சிறு கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் முறை இன்று உலகின் பல பகுதிகளில் பரவியுள்ளது. தமிழகத்தில் பவளத் துண்டின் வரலாறு வேறு வழியில் சென்றது. இங்குப் பவளம் சுண்ணாம்புக் கல்லாகவும், ஆய்வுப் பொருளாகவும், 2001 முதல் சட்டம் காக்கும் உயிராகவும், 2002 முதல் கடலில் நடப்படும் நாற்றாகவும் கருதப்பட்டது. இம்மாற்றங்களை விளக்கும் இக்கட்டுரை, தொட்டி வளர்ப்புக்கும் கடல் நடவுக்கும் பொதுவான ஒரு வரம்பைப் போடிநாயக்கனூர் மலைச்சரிவின் ஏல வேளாண்மையோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பவளப் போத்து, கடல்நீர்த் தொட்டி, மன்னார் வளைகுடா, வெளிறல், ஏலம்.

முன்னுரை

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் வட்டத்தில் உள்ள ராசிங்காபுரம் கடலோர ஊர் அன்று. அதன் மேற்கே உயரும் மலைச்சரிவுகளுக்கு அப்பால் ஏலமலை விரிகிறது. அங்கு ஏலச்செடியை இருவகையாகப் பெருக்குவர். ஒன்று, விதையிட்டு நாற்று வளர்ப்பது. மற்றொன்று, தூரைப் பிரித்து நடுவது. விதை நாற்றில் குணம் மாறக்கூடும். பிரித்து நட்ட தூரோ தாய்ச்செடியின் நேர்படியாகவே வளரும். அடிவாரத்து வீடுகளில் முருங்கைப் போத்தை வெட்டி ஊன்றுவதும் இதே முறைதான்.

பவளம் செடியன்று, விலங்கு. ஆயினும் அதன் கிளையை ஒடித்து உறுதியான தளத்தில் பொருத்தினால், அத்துண்டு தனிக்கூட்டமாக வளரும். இப்பண்பு கருதியே இக்கட்டுரை அத்துண்டைப் 'பவளப் போத்து' என்று குறிக்கிறது. போத்தைப் பெருக்குவது எளிது; அது வாழ்வதற்குரிய சூழலைப் பெருக்குவது அரிது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

கல்லாகக் கருதப்பட்ட பவளம்

தமிழ் மரபில் பவளம் என்ற சொல் முதலில் நினைவூட்டுவது செந்நிற மணியையே. பாறை கட்டும் பவளம் அதனின் வேறான இனம். மன்னார் வளைகுடா மீனவர் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பர். முத்துப் பார் என்ற வழக்கும் அதிலிருந்தே வந்தது. மீனவருக்குப் பார் என்பது மீன் தங்கும் இடம். கட்டடத் தொழிலுக்கோ அது கல். 1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களில் பவளக் கற்களை இன்றும் காணலாம். சுவர் எழுப்பவும், காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கவும், தொழிற்சாலைகளுக்குச் சுண்ணக மூலப்பொருளாகவும் பவளம் கடலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது.

1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்ககால மையம் மண்டபம் முகாம் ஆகும். அங்கேயே 1969-ஆம் ஆண்டு சனவரியில் இந்தியக் கடல் உயிரியல் கழகம் பவளங்கள், பவளப்பாறைகள் பற்றிய கருத்தரங்கை நடத்தியது. பின்னாளைய பன்னாட்டுப் பவளப்பாறைக் கருத்தரங்குகளின் வரிசையில் இதுவே முதலாவதாக எண்ணப்படுகிறது. 1972-இல் வெளிவந்த அதன் தொகுப்பில், மகாதேவனும் நாகப்பன் நாயரும் இவ்விரு கடற்பகுதிகளின் பவளத்திட்டுகள் எங்கெங்கு உள்ளன, எவ்வாறு எடுத்துப் பயன்படுத்தப்படுகின்றன என்பதைப் பதிவு செய்தனர். பவளத்தை உயிராக ஆராய்ந்த அறிவும் அதைக் கல்லாக எடுத்த தொழிலும் ஒரே கரையில் ஒரே காலத்தில் இயங்கின என்பதற்கு அக்கட்டுரையே சான்றாகிறது.

தொட்டிக்குள் வந்த கடல்

கடல்நீர்த் தொட்டியின் உலக வரலாறே பவளத்தில் தொடங்குகிறது எனலாம். 1846-இல் ஆனா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி, டார்க்கி கடற்கரையில் எடுத்த கல் பவளங்களை இலண்டனில் உயிருடன் காத்தார். நீரை மீண்டும் மீண்டும் ஊற்றிக் காற்றேற்றியும், பின்னர்க் கடற்பாசியைச் சேர்த்தும் அவர் அதைச் செய்தார். அவை பெருகும் விதம் பற்றி 1859-இல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

தமிழகத்தில் இதற்கு இணையான முயற்சி சென்னை அருங்காட்சியகத்தோடு தொடர்புடையது. அதன் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமேசுவரம், மன்னார் வளைகுடாக் கடலுயிர்களைத் திரட்டி விவரித்தவர். அவரது முன்முயற்சியில் உருவான கடல்வாழ் உயிரினக் காட்சியகம் 1909-இல் மெரினா கடற்கரையில் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் காட்சியகமாகக் கருதப்படும் அது, இரண்டாம் உலகப்போரின்போது 1942-இல் மூடப்பட்டது. ஒரு தலைமுறைக் காலம் மக்கள் கண்ட 'கண்ணாடிக் கடல்' அத்துடன் மறைந்தது.

பவளத்தைத் தொட்டியில் நெடுங்காலம் வளர்க்கும் நுட்பம் அதன் பின்னரே வளர்ந்தது. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961-இல் வெளியிட்ட முறையில், நுண்ணுயிர் செறிந்த பாறையும் இயற்கைக் கடல்நீரும் காற்றுக் குமிழும் போதுமானவையாக இருந்தன. 1970-களில் ஐரோப்பியரான பீட்டர் வில்கென்ஸ், தொட்டியில் குறையும் கால்சியத்தை ஈடுசெய்யத் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் முறையைப் பரப்பினார். நம் கரையில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். அத்தொட்டிகளில் சுண்ணாம்பைக் கொடுத்துப் பவளம் வளர்த்தனர். ஒரே பொருளின் இவ்விரு பயன்களும் பவளத்தைப் பற்றிய இருவேறு பார்வைகளைக் காட்டுகின்றன.

சிறு தொட்டியின் இயக்கம்

ஏறத்தாழ 100 லிட்டர் கொள்ளும் தொட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பும், 25 முதல் 27 பாகை செல்சியசு வெப்பமும், லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியமும் நிலையாக இருத்தல் வேண்டும். தொட்டி நிரம்பிய உடனே பவளத்தை இடலாகாது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். அதன் பின்னரே, கிளையை வெட்டிச் சுட்ட மண் வில்லையில் பசையால் ஒட்டி, ஒளியும் நீரோட்டமும் படும் இடத்தில் வைப்பர். பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசி அந்த ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகிறது.

தொட்டி சிறிதாயின் இடர் பெரிது. நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். ஒரு நாள் கவனக்குறைவே உப்புச்செறிவை உயர்த்திவிடும். ஆகவே ஆவியான அளவுக்குத் தூய நன்னீரையே சேர்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் ஓட்டமும் காற்றும் நிற்கும். கடல் தானே செய்யும் ஒவ்வொரு பணியையும் தொட்டியில் மனிதர் செய்ய வேண்டியுள்ளது. வெட்டுதலும் ஒட்டுதலும் சில நிமிட வேலை. சூழலைக் காப்பதோ நாள்தோறும் செய்யும் வேலை.

சட்டமும் கடல் நடவும்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளை உள்ளடக்கிய கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் கல்லெடுப்பு தொடர்ந்தது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அந்நாள் முதல் பவளம் சட்டத்தின் முன் கல்லன்று. புலிக்கு நிகரான காப்புடைய விலங்கு. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கல்லெடுப்பு பெரிதும் ஓய்ந்தது.

இச்சட்டத்தின் விளைவுகள் இருவகைப்பட்டன. காளவாய்க்குச் சென்ற பவளம் காக்கப்பட்டது. கல்லெடுத்து வாழ்ந்த கடலோரக் குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேட நேர்ந்தது. அயல்நாடுகளில் வீட்டுப் பொழுதுபோக்காக வளர்ந்த போத்துத் தொட்டியும், நம் கடற்பவளத்தைக் கொண்டு இங்குத் தனியார் அமைக்க இயலாததாயிற்று. எனவே தமிழகத்தில் இந்நுட்பம் வீட்டை விட்டுக் கடலுக்குச் சென்றது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002-இல் பவள நடவைத் தொடங்கியது. நலமான கூட்டங்களிலிருந்து எடுத்த துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி, கடலடியில் நிறுத்திய சட்டங்களில் பொருத்தும் முறை அது. விரைந்து வளரும் அக்ரோபோரா, மாண்டிபோரா போன்ற கிளைப் பவளங்கள் இதற்கு ஏற்றவையாயின.

போத்தின் வரம்பு

இங்குதான் ஏலமலையின் பட்டறிவு பயன்படுகிறது. இடுக்கி மாவட்ட உழவர் செபாஸ்டியன் ஜோசப் தெரிந்தெடுத்த ஞள்ளானி ஏலம், தூர் பிரித்து நடும் முறையாலேயே மலை முழுவதும் பரவியது. விளைச்சல் பெருகியது. ஆயினும் தூரோடு நோயும் பயணம் செய்யும். கட்டே எனப்படும் தேமல் நச்சுயிரி விதைவழிப் பரவுவதில்லை. நோயுற்ற தூர்வழியும் அசுவினிவழியும் பரவுகிறது. ஒரே தாயின் படிகள் நிறைந்த தோட்டத்தில், ஒரு செடிக்கு ஆகாதது எல்லாச் செடிக்கும் ஆகாது.

பவளப் போத்தும் தாயின் நேர்படியே. 2016-ஆம் ஆண்டின் வெப்ப மிகுதியால் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளிறின. அந்நிகழ்வில் உயிர்ப்பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகக் குறைந்ததாக ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். எளிதில் வெட்டி நடத்தக்க, விரைந்து வளரும் கிளைப் பவளங்களே வெப்பத்தில் மிகுதியாக மடிந்தன. உருண்டு திரண்ட பவளங்கள் பெரும்பாலும் தேறின. நடுவதற்கு ஏற்ற பண்பும் நிலைப்பதற்கு ஏற்ற பண்பும் ஒன்றாக அமையவில்லை. ஆகவே நட்ட போத்துகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு பாரின் மீட்சியை அளத்தல் பொருந்தாது. எத்தனை தாய்க்கூட்டங்களிலிருந்து அவை எடுக்கப்பட்டன, எத்தனை வெப்பக் கோடைகளைத் தாண்டின என்பனவும் கணக்கில் வருதல் வேண்டும்.

முடிவுரை

தமிழகக் கரையில் பவளம் கல்லிலிருந்து உயிராகவும், உயிரிலிருந்து நாற்றாகவும் மாறியது, ஒரு நூற்றாண்டைக் கடந்த அறிவுப் பயணமாகும். அதில் கடல்நீர்த் தொட்டி பெற்ற இடம் சிறிது. அது கற்பிப்பதோ பெரிது. உப்பும் வெப்பமும் ஒளியும் சற்றுப் பிறழ்ந்தாலும் போத்து வாழாது என்பதை அது சில நாட்களிலேயே காட்டிவிடும். கடல் அதே செய்தியைப் பல ஆண்டுகளில் சொல்கிறது. பொது ஆய்வு நிறுவனங்களில் உரிய இசைவுடன் அமையும் தொட்டிகள், வெப்பம் தாங்கிய பல்வேறு தாய்க்கூட்டங்களின் போத்துகளைக் காக்கும் நாற்றங்காலாகப் பயன்படலாம். கடலுக்கு அவை மாற்றாகா. ஏலமலை உழவர் தூரைப் பிரிக்குமுன் தாய்ச்செடியின் நலத்தைப் பார்க்கிறார். பவளம் நடுவோரும் போத்தை வெட்டுமுன் தாய்ப்பாரின் நிலையைக் கருதுதல் வேண்டும்.