தாங்கிக்கும் நொசிலுக்கும் இடையே

வட்டகொடை ரயில் நிலையம் தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவில் இருக்கிறது. தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். அதே ரயில் பாதையில் மேலே இருக்கும் நானுஓயா 1,600 மீற்றர். 44 அடிக்கு ஓர் அடி உயரும் கடும் ஏற்றத்தில் இந்தப் பாதையைப் போட்டு 1885இல் நானுஓயாவரை ரயிலைக் கொண்டுவந்தார்கள். ஹட்டனுக்கு அதற்கு முந்தைய வருடமே ரயில் வந்திருந்தது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வேரூன்றிய காலம் அது. அரிசி மூட்டைகள் ரயிலில் மேலேறின, தேயிலைப் பெட்டிகள் கீழிறங்கின.

ரயில் வந்த கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். தண்டவாளத்தை விட்டு விலகிய தோட்டப் பாதைகளில் எஞ்சின் எப்படி ஏறியது என்பதை எழுதியவர்கள் குறைவு. அதிலும் தாங்கியில் கிடக்கும் எண்ணெயை எஞ்சினுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் மெல்லிய குழாயையும் சிறு பம்பையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. மலையகத்து வாகன வரலாற்றில் பெரும்பாடு எல்லாம் அந்தக் குழாயில்தான் இருந்தது. குதிரைவலு எவ்வளவு இருந்தாலும், ஒரு குமிழி காற்று புகுந்தால் டீசல் வண்டி நின்றுவிடும்.

எண்ணெய் எஞ்சின் மலையகத்துக்கு முதலில் வந்தது லொறியாக அல்ல, தேயிலை ஸ்டோருக்குள் ரோலரையும் உலர்த்தியையும் சுழற்றும் இயந்திரமாகத்தான். தண்ணீர்ச் சக்கரத்தாலும் நீராவியாலும் ஓடிய ஆலைகள் மெல்ல மெல்ல எண்ணெய் எஞ்சினுக்கு மாறின. அந்தக் காலத்து எஞ்சின்களைக் கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய ஆலையில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் இன்றும் பார்க்கலாம். ஆள் உயரச் சக்கரமும் தரையோடு பதித்த அடித்தளமும் கொண்டவை அவை. இடம்விட்டு அசையாத எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டுவது பெரிய காரியமில்லை. உயரத்தில் ஒரு தாங்கி வைத்தால் எண்ணெய் தானாகவே இறங்கி வரும்.

ஓடும் வண்டியில் அந்த வசதி இல்லை. உலகெங்கும் ஓடிய ஃபோர்ட் மொடல் டி காரில் பெற்றோல் புவியீர்ப்பால் மட்டுமே எஞ்சினுக்கு இறங்கியது. செங்குத்தான ஏற்றத்தில் தாங்கி எஞ்சினைவிடத் தாழ்ந்துவிட்டால் பெற்றோல் வராது. அதனால் ஓட்டுநர்கள் காரைத் திருப்பி, பின்பக்கமாகவே மலையேற்றினார்கள். டீசலின் சிக்கல் இன்னும் பெரியது. ருடோல்ப் டீசல் 1897இல் ஜெர்மனியில் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளுவதற்கென்றே ஒரு காற்று அமுக்கி தேவைப்பட்டது. கப்பலிலும் ஆலையிலும் அது நின்றது. லொறியில் வைக்க முடியாத பாரம். ரொபேர்ட் பொஷ்ஷின் நிறுவனம் 1922இல் வேலையைத் தொடங்கி, 1927இல் சிறிய டீசல் பம்பைத் தொடராக உற்பத்தி செய்த பிறகே லொறிக்கு டீசல் வாய்த்தது.

அந்தப் பம்பின் அமைப்பைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் உருளைத் தண்டு. அந்தத் தண்டுக்கும் அது ஓடும் குழலுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அந்த நெருக்கத்தில்தான் எண்ணெய் தள்ளப்பட்டு, இருநூறு வளிமண்டல அழுத்தத்தை எட்டி, அதைத் தெளிக்கும் நொசிலின் ஊசியைத் தூக்கிப் புகையாகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். குழாயில் காற்று இருந்தால் தண்டு அந்தக் காற்றைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், நொசில் திறக்காது. வண்டி இரண்டு தடவை இருமி நின்றுவிடும்.

மலையகப் பாதைகள் காற்றுப் புகுவதற்கென்றே அமைந்தவை போன்றவை. தாங்கியில் எண்ணெய் குறைவாக இருக்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சரிந்தால், எண்ணெய் ஒரு மூலைக்கு ஒதுங்க, உறிஞ்சும் குழாயின் வாய் வெறுமையாகிவிடும். கற்பாதை அதிர்ச்சியில் இணைப்பு ஒன்று தளர்ந்தாலும் அதே கதிதான். அங்கே எண்ணெய் வெளியே கசியாது. காற்று உள்ளே போகும், கண்ணுக்கும் தெரியாது. இதைக் கண்டுபிடிப்பது ஒரு கலை. எங்கே ஈரம் இல்லையோ அங்கேயே ஓட்டை இருக்கலாம் என்று சந்தேகப்படத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிப் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையை, அதாவது எயார் எடுப்பதை, டிரைவருக்கும் கிளீனருக்கும் எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுக்கொடுக்கவில்லை. தாங்கியிலிருந்து எண்ணெயை இழுக்கும் பீட் பம்பின் பக்கத்திலிருக்கும் கைப்பிடியை ஒருவர் அமுக்கிக்கொண்டே இருப்பார். மற்றவர் ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்துவார். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழிகளாக, கடைசியில் கண்ணாடி போல் தெளிந்த டீசல். அந்தத் தெளிவு வந்ததும் கைப்பிடியை விடாமலே திருகை இறுக்க வேண்டும். பிறகு பம்ப், அதன் பிறகு நொசில் குழாய்களின் மூட்டுகள், ஒவ்வொன்றாக. ஒரு ஸ்பேனரும் பழந்துணியும் போதும். மழையிலும் மூடுபனியிலும் பாதையோரம் நின்று ஆயிரக்கணக்கான தடவை இதைச் செய்திருக்கிறார்கள்.

அவசரம் சாதாரணமானதல்ல. மடுவத்தில் நிறுத்து ஏற்றிய கொழுந்து சாக்குக்குள் உயிரோடு இருக்கும். மூச்சு விடும், சூடேறும். நேரம் பிந்தினால் இலை சிவந்து, ஸ்டோருக்குப் போகும் முன்பே தரம் கெட்டுவிடும். காலையிலிருந்து மலைச்சரிவில் நின்று பெண்கள் பறித்த உழைப்பு அந்த லொறியில் கிடக்கிறது. டீசல் குழாயின் ஒரு தளர்ந்த மூட்டு அதை வீணாக்கப் போதுமானது. தேயிலையின் தரத்தைப் பேசும்போது மண்ணையும் உயரத்தையும் காற்றையும் சொல்கிறார்கள். லொறியின் ஃபில்டரையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது நியாயமானது.

தண்டவாளத்தில் இதே பிரச்சினைக்கு வேறொரு தீர்வு வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அன்பளிப்பாகக் கொடுத்த எம்2 ரக டீசல் எஞ்சின்கள் 1954இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியவை. ரயில்வேயை அன்று நடத்திய பி. டி. ராம்பல, நீராவியை விட்டு டீசலுக்கு மாறுவதில் பிடிவாதமாக இருந்தார். 1956 ஏப்ரலில் உடரட்ட மெனிக்கே ரயில் ஓடத் தொடங்கியது. அந்த எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பும் நொசிலும் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கும். ஆகவே உயர் அழுத்தக் குழாயே இல்லை. மின்மோட்டார் ஒன்று தேவைக்கு அதிகமாகவே டீசலைச் சுற்றவிட, எஞ்சியது தாங்கிக்குத் திரும்பும். அந்தத் திரும்பு வழியில் ஒரு கண்ணாடி. அதில் குமிழி ஓடினால் உறிஞ்சும் பக்கத்தில் காற்றுப் புகுகிறது என்று பொருள். லொறிக்காரன் நின்ற பிறகு தேடியதை ரயில்காரன் ஓடும்போதே பார்க்க முடிந்தது. அந்தக் கண்ணாடியைத் தோட்டத்து லொறிகளுக்கும் யாராவது பொருத்தியிருந்தால் எத்தனை சாக்குக் கொழுந்து தப்பியிருக்கும்!

1961 இரண்டு வகையில் முக்கியமான ஆண்டு. ஜம்ஷெட்பூரில் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டோடு லொறி செய்துகொண்டிருந்த டாடா, முதன்முதலாக வெளிநாட்டுக்கு ஒரு லொறியை ஏற்றுமதி செய்தது. அது வந்து இறங்கிய நாடு இலங்கை. அதே ஆண்டு, டி. பி. இலங்கரத்ன அமைச்சராக இருந்தபோது, பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறியது. ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ நிறுவனங்களின் சொத்துக்கள் கையேற்கப்பட்டன. இழப்பீட்டுத் தகராறில் அமெரிக்கா 1963 பெப்ரவரியில் உதவியை நிறுத்தியது. 1964இலிருந்து எரிபொருள் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது; 1969இல் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலையும் இயங்கத் தொடங்கியது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து தோட்டத்துப் பீப்பாவரை ஒரே வழி, ஒரே எண்ணெய். பெங்களூரில் மைகோ நிறுவனம் 1950களிலேயே பொஷ் பம்புகளைச் செய்யத் தொடங்கியிருந்ததால், ஐரோப்பாவில் செய்தது போன்ற பம்பும் அதன் உதிரிப்பாகமும் கடலுக்கு அந்தப் பக்கத்திலேயே கிடைத்தன.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியப் பாவித்த வாகனங்கள் வந்து குவிந்தன. இசுசு எல்ப் லொறிகளும் டொயோட்டா ஹைலக்ஸ் கெப்களும் மலையேறின. இங்கேதான் டீசல் ஊட்டும் முறையில் ஒரு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. பழைய லொறியின் நீளப் பம்பின் அடிப்பகுதிக்கு எஞ்சின் ஒயில் மசகு போட்டது. ஹைலக்ஸ் போன்ற கெப்களில் வந்த புதிய சுழல் பம்போ எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே தண்டால் ஊட்டும் சிறிய, மலிவான வடிவம்; அதற்கு மசகும் டீசல்தான். டீசல் சுத்தமாக இருக்கும்வரை பம்ப் வாழும்.

டீசல் சுத்தமாக இருக்கவில்லை. ஏழை வீடுகளின் விளக்குக்கும் அடுப்புக்குமென்று அரசு மானியம் கொடுத்த மண்ணெண்ணெய், டீசலைவிட மிக மலிவாக இருந்தது. விலைக்கு இடைவெளி இருந்தால் கலப்படமும் இருக்கும். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும், பம்புதான் தேயும். தண்டில் கீறல் விழும், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஏற்றத்தில் இழுவை போகும். இதோடு தண்ணீரும் சேர்ந்தது. இரவுக் குளிரில் பாதி வெறுமையான தாங்கிக்குள் ஈரம் வியர்த்து அடியில் தேங்கும். பாதையோரம் ஸ்பேனரால் தீர்க்க முடிந்த கோளாறு, இப்போது பம்பைக் கழற்றி நகரத்துப் பம்ப் கராஜில் சோதனை மேசையில் ஏற்றித் திருத்த வேண்டிய கோளாறாக மாறியது. டிரைவரின் கையிலிருந்த வித்தை பாஸ்மாரின் மேசைக்குப் போனது. லயத்திலிருந்து கிளீனராகப் போன பையன்கள் சிலர் அந்த மேசைகளிலும் வேலை பழகினார்கள் என்பது ஆறுதல்.

உயரமும் தன் பங்கைக் கேட்டது. வட்டகொடை போன்ற உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிபார்த்த பம்ப் அதே அளவு டீசலை இங்கேயும் ஊட்டினால், எரிக்கக் காற்றுப் போதாமல் கரும்புகை கக்கும். டீசலைக் குறைத்தால் புகை அடங்கும். ஆனால் இழுவையும் குறையும். டர்போ இல்லாத வண்டிக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தவிர வேறு வழியில்லை. மலைப்பாதையில் பின்னால் வருபவர்களின் முகத்தில் அடித்த புகைக்கு, ஓட்டுநரின் அலட்சியத்தைவிட இந்தக் கணக்கே அதிகம் பொறுப்பு.

பிறகு வந்தது 'கொமன் ரெயில்' முறை. ஒரே தடித்த குழாயில் ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைத் தேக்கி வைத்து, கணினி சொல்லும் கணத்தில் நொசிலைத் திறக்கும் முறை. லொறிகளில் 1995இல் ஜப்பானின் டென்சோவும், கார்களில் 1997இல் பொஷ்ஷும் இதைக் கொண்டுவந்தன. 2004இல் தாய்லாந்தில் வெளியான ஹைலக்ஸ் விகோ, இந்த முறையைத் தோட்டத்துக் கெப்வரை இறக்கியது. இழுவை கூடியது, புகை குறைந்தது. ஆனால் ஓடும் எஞ்சினில் பழைய பழக்கத்தில் நொசில் மூட்டைத் தளர்த்தினால், பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இந்த வண்டிகளுக்குச் செய்யும் நல்ல மேம்பாடு எஞ்சினில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது: தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு இன்னொரு ஃபில்டர், தேவையானால் தள்ளிக்கொடுக்கும் ஒரு மின்பம்ப். அமெரிக்காவில் 1998 முதல் 2002 வரை வந்த டாட்ஜ் ராம் கெப்களின் கம்மின்ஸ் எஞ்சினில், தள்ளிக்கொடுக்கும் பம்ப் தளர்ந்துபோனதும் பிரதான பம்பும் பட்டினியால் கெட்டது. அந்தக் கோளாறைச் சுற்றி, வலுவான மின்பம்பும் இரட்டை ஃபில்டரும் விற்கும் ஒரு தொழிலே அங்கே வளர்ந்தது. சுவீடனில் 1990களின் தொடக்கத்தில் கந்தகம் நீக்கிய டீசலை விற்றபோது, கந்தகத்தோடு மசகுத் தன்மையும் போய்ப் பம்புகள் தேய்ந்தன. மசகுச் சேர்க்கை கலந்த பிறகே சரியானது. எங்கே பார்த்தாலும் பம்பின் ஆயுளைத் தீர்மானிப்பது அதற்கு முன்னால் வரும் எண்ணெய்தான்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. புதிதாக வாங்க வழியில்லாததால் இருந்த வண்டிகளையே காப்பாற்ற வேண்டியிருந்தது. 2022 ஜூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபாயானது; அடுத்த இரண்டு வாரங்களுக்கு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள். ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தது. வறண்ட தாங்கிகளின் அடியில் தேங்கிய துருவும் தண்ணீரும் முதலில் போய் அடைத்தது ஃபில்டர்களைத்தான். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. கலப்படத்தின் ஆதாயம் பெரும்பாலும் அற்றுப்போனது. லயத்து அடுப்புகளுக்கு அது பேரிடி.

அந்த வருடங்களில் கைகொடுத்தவை பழைய இயந்திரப் பம்ப் வண்டிகள்தான். டிமோ பட்டா என்று இங்கே விற்ற டாடா ஏஸின் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கும், கரட்டும் லீக்ஸும் ஏற்றிப் போகும் எல்ப்புக்கும் கணினி தேவைப்படவில்லை. தாங்கி வறண்டு காற்றுப் பிடித்தால் கைப்பிடியை அமுக்கி எயார் எடுக்கத் தெரிந்த ஒருவர் போதும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியும் மீண்டும் திறந்தது. இனி வரும் கெப்களில் அந்தத் திருகைத் தளர்த்தித் தெளிந்த டீசலுக்காகக் காத்திருக்கும் வேலைக்கு இடமில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை வாரம் ஒருமுறை திறந்துவிடும் வேலை மட்டும் இன்னும் டிரைவரிடம் இருக்கிறது.