அவர் போன பிறகு

அரியலூர் என்றதும் பழைய தலைமுறைக்கு ரயில் விபத்துதான் ஞாபகம் வரும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, வெள்ளம் புரண்ட மருதையாற்றின் பாலம் இடிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்தார். அந்த ராஜிநாமாவைச் சரித்திரம் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்நாளில் ஒரு ரயில்வே ஊழியர் கண்ணை மூடினால் அவர் சம்சாரத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்பாரைத்தான் காணோம்.

பிராவிடண்ட் பண்டுத் தொகை ஒரே தவணையில் வரும். பெண்ணின் கல்யாணமோ பழைய கடனோ அதை விழுங்கிவிடும். மாதா மாதம் ஒன்றும் கிடையாது. ரயில்வேயில் பென்ஷன் முறை பிறந்ததே 1957 நவம்பர் 16-இல். விபத்துக்கு வருஷம் நிறைய ஒரு வாரம் இருந்தது.

பெரம்பலூருக்கு இன்றளவும் ரயில் கிடையாது. அந்த ஊர்த் தாலுக்கா கச்சேரிக் குமாஸ்தாவுக்குப் பென்ஷன் முன்பே உண்டு. ஆனால் அது அவரோடு சுடுகாடு போய்விடும். வெள்ளைக்காரன் கணக்கில் பென்ஷன் என்பது எஜமான் மனமுவந்து தரும் சன்மானம். கலெக்டர் அனுமதியின்றி அதற்காகச் சிவில் கோர்ட்டுப் படியேறக் கூடாது என்றே 1871-ஆம் வருஷச் சட்டம் சொல்லிற்று. சன்மானத்தில் பெண்டாட்டிக்குப் பங்கு ஏது?

1950-இல் மத்திய சர்க்கார் கொஞ்சம் இளகியது. நெடுங்காலம் உழைத்தவரின் குடும்பத்துக்குச் சில வருஷங்கள் மட்டும் ஏதோ கொடுத்தார்கள். மனைவிக்கு ஆயுள் முழுவதும் என்று வந்தது 1964-இல்தான். ஒரு வருஷ சேவை போதும். தாயும் இல்லையென்றால் மகனுக்கு 18 வயது வரை, மணமாகாத மகளுக்கு 21 வரை. இந்தத் தாராளத்துக்கு ஊழியரிடமே இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். 1977-இல் அதை விட்டார்கள்.

1963-க்குள் ஓய்வு பெற்றவரின் மனைவி? அவள் கணக்கில் சேரவில்லை. நாலு மாதம் பிந்தி ஓய்வு பெற்ற பக்கத்து மேஜைக்காரரின் மனைவிக்கு உண்டு, இவளுக்கு இல்லை. பூனம்மாள் என்ற விதவை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகே, 1985-இல், அந்தக் கதவு திறந்தது. குடும்பப் பென்ஷன் தயவல்ல, உரிமை என்றது கோர்ட்டு.

பிராவிடண்ட் பண்டோடு கணக்கு முடிந்துபோன பழைய விதவைகளுக்கு அந்தத் தீர்ப்பாலும் லாபமில்லை. 1988-இல் ஓர் உத்தரவு போட்டு, 1986 ஜனவரியிலிருந்து அவர்களுக்கு மாதம் 150 ரூபாய் கொடுத்தார்கள், பஞ்சப்படி தனி. மருதையாற்று வெள்ளம் வடிந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தொகைக்குச் சர்க்கார் வைத்த பெயர், கருணைத் தொகை.