'நாடற்ற' என்னும் அடையும் 'நெஸ்' என்னும் விகுதியும்

ஆங்கிலப் பெயரடைகள் விகுதி ஏற்றுப் பெயர்களாகும். பழைய ஆங்கிலத்துக்குரிய 'நெஸ்', இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த 'இட்டி' என்பன அவற்றுட் பெருவழக்கின. 'டார்க்' என்பது 'டார்க்னெஸ்' ஆவதும், 'நேஷனல்' என்பது 'நேஷனலிட்டி' ஆவதும் இவ்வாறே. தமிழ் மரபு இதற்கு மறுதலை. செம்மை என்னும் பண்புப்பெயரை முதலாகக் கொண்டு, அதன் ஈறு போனபின்னரே செந்தாமரை போன்ற தொடர் பிறக்கும் என்பது நன்னூலார் நெறி. வெறும் இலக்கணச் செய்தியாகத் தோன்றும் இது, தெல்தோட்டைத் தோட்டங்களின் வரலாற்றோடு தொடர்புடையதென நாம் கருதுகிறோம்.

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இவ்வூரை அடுத்துள்ளது. கோப்பிக் காலந்தொட்டே தமிழகத் தொழிலாளர் இம்மலைகளுக்கு வந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமோ, இங்கு பிறந்தவரிடமும் தந்தையின் பிறப்புக்கு, அன்றேல் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவரின் பிறப்புக்கும் சான்று வேண்டிற்று. லயத்திற் பிறந்தோர் பலரிடம் அத்தகைய பத்திரம் ஏது? 'ஸ்டேட்லெஸ்' என்ற அடையே அவர்களுக்கு எஞ்சியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

ஐக்கிய நாடுகள் சபையின் 1954ஆம் ஆண்டு உடன்படிக்கையின் தலைப்பில் 'நாடற்ற ஆட்கள்' இருந்தனர். 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் தலைப்பில் ஆள் இல்லை. 'ஸ்டேட்லெஸ்னெஸ்' என்ற பெயரே உண்டு. அதைக் குறைத்தல் என்ற நோக்கில் நமக்குக் குறையில்லை. ஆயினும் 'நெஸ்' சேர்ந்ததும், சிலர் சிலருக்குச் செய்த செயலொன்று தானே வந்த நோய்போல ஒரு நிலையாகிவிடுகிறது. செய்தவர் மறைகிறார், செய்யப்பட்டவரும் மறைகிறார்.

தமிழில் 'அற்ற' என்பது 'அறு' என்னும் வினையடியாகப் பிறந்த இறந்தகாலப் பெயரெச்சம். வழக்கில் அது வெறும் இன்மையையும் குறிக்கும் என்பது மெய்யே. எனினும், முன்பிருந்த ஒன்று ஒரு காலத்தில் அற்றுப்போயிற்று என்ற பொருள் அதனுள் உறைகிறது. 'லெஸ்' காலங் காட்டாது. 'நாடின்மை' என்று பெயர்த்திருந்தால் நமக்கும் அந்தக் காலம் தொலைந்திருக்கும். அறிந்தோ அறியாமலோ, 'நாடற்றவர்' என எழுதியவர்கள் 1948ஐச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டனர்.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின் தலைப்பிலும் 'நாடற்ற ஆட்கள்' இருந்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களை 'இந்திய வம்சாவளியினர்' என்றது. பழைய அடை அதன் தலைப்பில் இல்லை.