முக்கோணத் தீர்வு: தரவு போதுமா?

முக்கோணத்தின் தெரியாத பக்கங்களையும் கோணங்களையும் தெரிந்தவற்றிலிருந்து கண்டறிவது முக்கோணத் தீர்வு. கணக்கிடும் முன், தந்த தரவு ஒரே முக்கோணத்தைத்தான் குறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வட அந்தமானின் திக்லிபூர் அருகே சுமார் 732 மீட்டர் உயர்ந்துள்ள சேடில் சிகரத்தை எடுத்துக்கொள்வோம். கடற்கரையில் நின்று ஏற்றக்கோணத்தை மட்டும் அளந்தால் உயரம் கிடைக்காது. பத்தில் ஒரு பங்கு தொலைவிலுள்ள 73 மீட்டர் குன்றும் ஏறக்குறைய அதே கோணத்தையே காட்டும். நீளம் ஒன்றேனும் வேண்டும். 1802இல் நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை முதலில் அளந்ததும் இதனால்தான். அதன்பின் கோணங்களைக் கொண்டே முக்கோணங்களைத் தொடர முடிந்தது.

மூன்று அளவுகள் இருந்தால் போதாதா எனலாம். மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. ஆகவே மூன்றாவது கோணம் புதிதாக எதையும் சொல்வதில்லை. செங்கோண முக்கோணத்துக்கு இரண்டே போதுமே என்பாரும் உண்டு; அங்கே செங்கோணமே மூன்றாவது தரவு, எஞ்சிய இரண்டில் ஒன்று பக்கமாக இருக்க வேண்டும். பக்கம் இருந்தும் ஐயம் நீங்காத இடமும் உண்டு: ஒரு கோணம் 30 பாகை, அதை ஒட்டிய பக்கம் 10 எனில், எதிர்ப்பக்கம் 4 ஆனால் முக்கோணமே அமையாது, 5 ஆனால் ஒன்று, 6 ஆனால் இரண்டு, 10 அல்லது அதற்கு மேலானால் மீண்டும் ஒன்று. எனவே தரவின் எண்ணிக்கையைவிட அதன் அமைப்பே போதுமையைத் தீர்மானிக்கிறது.