பூனை ரத்தம் உறையவே இல்லை: ஹெப்பாரினும் ஒரு மருத்துவ மாணவரும்

டயாலிசிஸ் நடக்கிற அறையைப் பார்த்திருக்கீங்களா? ஒருத்தரோட ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து, குழாய் வழியா இயந்திரத்துக்குள் போய், சுத்தமாகித் திரும்பி வரும். யோசிச்சுப் பாருங்க. வெளியே வந்த ரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிட வேண்டும். அது உறையாமல் இருக்கப் பெரும்பாலும் கொடுக்கப்படுகிற மருந்து ஹெப்பாரின். இதயத்தை நிறுத்தி வைத்துச் செய்கிற அறுவை சிகிச்சைக்கும் இதுதான் துணை.

இந்த மருந்தோட வரலாறு ஒரு மருத்துவ மாணவரிடம் தொடங்குகிறது. பெயர் ஜே மெக்லீன். சான் பிரான்சிஸ்கோக்காரர், 1890இல் பிறந்தவர். 1906 நிலநடுக்கத்தில் குடும்பம் வீட்டை இழந்தது. அதுக்கப்புறம் படிப்புச் செலவுக்குத் தங்கச் சுரங்கம் வரைக்கும் போய் வேலை பார்த்திருக்கிறார். மருத்துவம் படிக்க அவர் ஆசைப்பட்ட இடம் பால்டிமோரில் இருக்கிற ஜான்ஸ் ஹாப்கின்ஸ். விண்ணப்பித்தார், இடம் இல்லைன்னு பதில் வந்தது. மனுஷன் விடவில்லை. 1915இல் மூட்டை முடிச்சோட நேரில் போய் நின்றார். எதிர்பாராமல் ஒரு இடம் காலியாக, உள்ளே நுழைந்துவிட்டார்.

போனதும் உடலியங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹவலைச் சந்தித்து ஒரு விஷயம் கேட்டார். ஒரு வருஷத்தில் நான் தனியாகவே முடிக்கிற மாதிரி ஓர் ஆராய்ச்சிக் கேள்வி கொடுங்கள் என்று. ஹவல் அப்போது ரத்த உறைதலில் பெரிய பெயர். மூளைத் திசுவில் இருந்து எடுக்கப்படும் கெஃபாலின் என்ற கொழுப்புப் பொருள் ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் உறைய வைப்பது கெஃபாலினேதானா, அதில் கலந்திருக்கிற வேறு ஏதாவதா? இதைக் கண்டுபிடி என்று மாணவர் கையில் கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிங்க. நம்ம ஐடி கம்பெனிகளில் இன்டர்ன் வந்தால், யாருக்கும் தேவைப்படாத ஒரு சின்ன வேலையைத் தூக்கிக் கொடுப்போம். ஹவல் கொடுத்தது தன்னோட சொந்தக் கோட்பாட்டுக்கே அடித்தளமான ஒரு கேள்வி. அளவு சின்னதுதான், ஆனால் விடை அவருக்கும் தெரியாது.

மெக்லீன் மூளையோடு நிற்காமல், இதயம், கல்லீரல் திசுக்களில் இருந்தும் இதே மாதிரிப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். எடுத்த மாதிரிகளைத் தூக்கி வீசாமல் வைத்திருந்து, நாளாக ஆக அவற்றின் திறன் எப்படி மாறுகிறது என்று திரும்பத் திரும்பச் சோதித்தார். அப்போதுதான் அந்த விசித்திரம் கண்ணில் பட்டது. பழைய கல்லீரல் மாதிரி ரத்தத்தை உறைய வைக்கும் சக்தியை இழந்ததோடு நிற்கவில்லை, உறைவதையே தடுத்தது. தேடியதற்கு நேர் எதிர்!

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. மெக்லீன் பிற்காலத்தில் எழுதியபடி, ஒரு சின்னக் குடுவையில் பூனை ரத்தத்தை எடுத்து, அதில் தன் கல்லீரல் சாறைக் கலந்து, ஹவலின் மேசையில் வைத்துவிட்டு, உறைந்ததும் சொல்லுங்கள் என்றாராம். அது உறையவே இல்லை.

1916இல் மெக்லீனின் கட்டுரை அமெரிக்க உடலியங்கியல் ஆய்விதழில் வந்தது. கட்டுரையின் மையப் பொருள் கெஃபாலின்தான்; உறைதலைத் தடுக்கும் பொருள் பற்றிச் சுருக்கமாகவே இருந்தது. அவரும் பால்டிமோரை விட்டுக் கிளம்பிவிட்டார். ஹவல் வேலையைத் தொடர்ந்தார், எம்மெட் ஹோல்ட் என்ற இன்னொரு மருத்துவ மாணவரோடு. கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து ஹெப்பாரின் என்று 1918இல் பெயர் வைத்தது இவர்கள்தான்.

அந்தப் பொருள் நோயாளிக்குக் கொடுக்கிற அளவுக்குச் சுத்தமாக இல்லை. அதைச் சாத்தியமாக்கியவர்களில் முக்கியமானது டொராண்டோ குழு. அதற்குத் தலைமை யார் தெரியுமா? சார்லஸ் பெஸ்ட். 1921 கோடையில், 22 வயதில், பான்டிங்கோடு சேர்ந்து இன்சுலின் ஆய்வில் இறங்கிய அதே மாணவர்! 1923இல் இன்சுலினுக்கு நோபல் கிடைத்தபோது பெஸ்ட் பெயர் பட்டியலில் இல்லை. பான்டிங் தன் பரிசுப் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார். 1930களில் ஹெப்பாரின் மனிதர்களுக்குப் பயன்பட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகுதான் மெக்லீனின் போராட்டம். கண்டுபிடித்தவன் நான் என்று 1940களில் இருந்து பேசியும் எழுதியும் வந்தார். 1957இல் இறந்தார். ஹெப்பாரின் கண்டுபிடிப்பு பற்றி அவர் எழுதிய கட்டுரை 1959இல்தான் அச்சில் வந்தது.

அவர் கோரிக்கை நியாயமா? இங்கேதான் சிக்கல். இன்றைய ஹெப்பாரின் தண்ணீரில் கரையும், சர்க்கரை மூலக்கூறுகள் கோர்த்த ஒரு நீண்ட சங்கிலி. மெக்லீன் பிரித்தெடுத்தது கொழுப்பு வகை. இரண்டும் ஒன்றல்ல என்று சொல்கிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் அந்தப் பூனை ரத்தம் உறையாமல் போனதால்தான் ஹவல் அந்தத் திசையிலேயே தேட ஆரம்பித்தார். என் கருத்து இது: மருந்தை மெக்லீன் கண்டுபிடிக்கவில்லை, அதற்கான கதவைக் கண்டுபிடித்தார். அதற்குரிய பெயர் அவருக்கு உயிரோடு இருக்கும்போதே இன்னும் தாராளமாகக் கிடைத்திருக்கலாம்.

மருத்துவம் படிக்கிற நண்பர்கள் நிறையப் பேர் இந்த நிகழ்ச்சியைக் கேட்கறீங்க. பயோடேட்டாவில் ஒரு வரி சேர்க்க ஒரு பேப்பர் வேணும்னு ஓடுகிற அழுத்தம் புரியுது. மெக்லீனுக்குக் கிடைத்தது மூன்று விஷயம்: விடை தெரியாத ஒரு சின்னக் கேள்வி, ஒரு முழு வருஷம், தன் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவைக் கண்ணால் பார்த்ததும் ஏற்றுக்கொண்ட ஓர் ஆசிரியர். வழிகாட்டியைத் தேடும்போது இந்த மூன்றையும் கேளுங்க. அப்புறம், பழைய மாதிரிகளைத் தூக்கி எறிவதற்கு முன்னாடி இன்னொரு தடவை சோதிச்சுப் பாருங்க. யார் எதைச் செய்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைக்கவும் மறக்காதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.