மருத்துவக் காளான்கள்: யப்பானிய ஆய்வு தரும் படிப்பினை

காளானை உணவாக மட்டுமன்றி மருந்தாகவும் சீனரும் யப்பானியரும் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர். இம்மரபு நம்பிக்கை அறிவியற் சோதனைக்கு உட்பட்ட வரலாறு அண்மைக் காலத்ததாகும்.

தோக்கியோவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சார்ந்த கோரோ சிகாராவும் அவர்தம் குழுவினரும் சீட்டாக்கே காளானிலிருந்து லென்ரினான் எனும் பல்சக்கரைட்டைப் பிரித்தெடுத்து, 1969இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். சுண்டெலிகளில் உண்டாக்கப்பட்ட கட்டிகள் அதனால் ஏறக்குறைய முற்றாகவே மறைந்தன. ஆயின், தைமசுச் சுரப்பி அகற்றப்பட்ட எலிகளில் இப்பயன் கிட்டவில்லை. எனவே, அது புற்றுக் கலங்களை நேரே அழிப்பதன்று, உடலின் நிர்ப்பீடனத்தைத் தூண்டுவது எனக் கொள்ளப்பட்டது.

வேறொரு காளானிலிருந்து பெறப்பட்ட கிரெசுரின் 1977இல் யப்பானிய அரசின் அங்கீகாரம் பெற்று, பெருமளவில் விற்பனையாயிற்று. எனினும், 1989இல் நிகழ்ந்த மறுமதிப்பீட்டின் பின்னர், அதனைத் தனித்து வழங்கலாகாது, ஏனைய இரசாயன மருந்துகளுடன் சேர்த்தே வழங்கல் வேண்டும் என வரையறுக்கப்பட்டது. அத்தகைய கூட்டுச் சிகிச்சையின் பயனை 1994இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இரைப்பைப் புற்றுக்குச் சத்திரசிகிச்சை பெற்ற 262 நோயாளருள், இரசாயன மருந்துடன் கிரெசுரினும் பெற்றோரில் நூற்றுக்கு 73 பேர் ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தனர். இரசாயன மருந்து மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 60 பேரே வாழ்ந்தனர். புதிய மருந்துகள் பெருகிய பின்னர், 2017இல் கிரெசுரினின் விற்பனை நிறுத்தப்பட்டது.

எலியிற் கண்ட பெருவெற்றி மனிதரிடத்துச் சிறு துணையாகவே எஞ்சியது. அத்துணையின் அளவை அறியவும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. மரபு மருந்துகளைப் போற்றுவோரும் இகழ்வோரும் ஒருங்கே கருத்திற் கொள்ளவேண்டிய உண்மை இதுவாகும்.