பிடில் வண்டு: செத்த மரத்தை நம்பி வாழும் காட்டு வேட்டைக்காரன்

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு வண்டு என்றதும் நினைவுக்கு வருவது கொம்பு வண்டுதான். இளம் செம்பனையின் குருத்தைக் குடைந்து மரத்தையே கெடுத்துவிடும் என்பதால், அதைப் பிடிக்கத் தோட்டங்களில் பொறி வைப்பது வழக்கம். அதேபோல, செம்பனையின் அடித்தண்டில் தட்டுப் போல் முளைக்கும் காளானையும் யாரும் விரும்புவதில்லை. அது கனோடெர்மா நோயின் அடையாளம். காளான் வெளியே தெரியும்போது உள்ளே தண்டு அழுகிக்கொண்டிருக்கும்.

மழைக்காட்டுக்குள் நிலைமை வேறு. அங்கே பட்டுப்போன மரங்களில் வளரும் தட்டுக் காளானையே வீடாகக் கொண்ட ஒரு வண்டு இருக்கிறது. அது மரத்தைத் தின்பதில்லை, மற்றப் பூச்சிகளைத்தான் வேட்டையாடுகிறது. மலாய் மொழியில் அதன் பெயர் 'கும்பாங் பியோலா'. தமிழில் பிடில் வண்டு எனலாம்.

பெயரும் உருவமும்

பிடில் வண்டு தரை வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் ஏறக்குறைய 40,000 வகைகள் கொண்ட இந்தப் பெரிய குடும்பத்தில் பெரும்பாலானவை தரையில் ஓடி இரை பிடிப்பவை. பிடில் வண்டோ மரப்பட்டையின் இடுக்குகளுக்கும் காளான்களுக்கும் இடம் மாறிவிட்டது. தீபகற்ப மலேசியா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ ஆகிய இடங்களின் மழைக்காடுகளில் இது வாழ்கிறது.

1825ஆம் ஆண்டில் ஹாகென்பாக் என்ற ஆய்வாளர் இதற்கு 'மோர்மோலைஸ் ஃபில்லோட்ஸ்' என்று அறிவியல் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் முதல் சொல்லுக்குப் பிள்ளைகளைப் பயமுறுத்தும் பூச்சாண்டி என்று பொருள். இரண்டாவது சொல்லுக்கு இலை போன்றது என்று பொருள்.

இரண்டுமே இதற்குப் பொருந்தும். வளர்ந்த வண்டு 6 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் வரை இருக்கும். தலையும் கழுத்தும் பிடிலின் கைப்பிடி போல நீண்டு ஒடுங்கியிருக்கும். பின்னுடலைச் சுற்றி மேல் சிறகுகள் இரு பக்கமும் இலை போல விரிந்திருக்கும். அவற்றின் ஓரம் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. பழுப்பு நிறத்தில் அசையாமல் கிடந்தால் காய்ந்த சருகு என்றே நினைப்போம்.

தட்டையான உடலின் பயன்

மேலிருந்து பார்த்தால் அகலமாகத் தெரியும் இந்த வண்டைப் பக்கவாட்டில் பார்த்தால் அட்டைபோலத் தட்டையாக இருக்கும். மரப்பட்டைக்கு அடியிலும் காளான்களின் இடுக்கிலும் நுழைய இந்த உடல் உதவுகிறது. உடல் நுழைய முடியாத பிளவுக்குள் நீண்ட தலை எட்டும். அங்கே ஒளிந்திருக்கும் பூச்சிப் புழுக்களும் சிறு நத்தைகளும்தான் இதன் இரை.

தன்னைக் காத்துக்கொள்ளவும் இதற்கு வழி உண்டு. தொந்தரவு செய்தால் உடலின் பின்பகுதியிலிருந்து கடும் நெடியுள்ள அமிலத்தை வெளியிடும். ஆகவே கையில் எடுத்து முகத்தருகே கொண்டுபோகக் கூடாது.

காளானுக்குள் பல மாதம்

இந்த வண்டின் வாழ்க்கையில் முக்கியமான பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமல் காளானுக்குள் நடக்கிறது. அதன் புழுவுக்குப் பிடில் உருவம் கிடையாது, சாதாரணத் தரை வண்டுப் புழு போலத்தான் இருக்கும். தட்டுக் காளானின் அடுக்குகளுக்கு நடுவே தங்கி, அங்கு வரும் மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்று வளரும்.

புழுப் பருவம் 8 முதல் 9 மாதம் வரை நீடிக்கும். பிறகு கூட்டுப்புழுவாகி 8 முதல் 10 வாரம் இருந்த பின்னரே வண்டாக வெளிவரும். அதாவது ஒரு வண்டு உருவாக ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அத்தனை காலமும் அந்தக் காளானும் அதைத் தாங்கும் மரமும் அங்கேயே இருக்க வேண்டும்.

ஆபத்து எங்கே?

காடு அழிந்தால் எல்லா உயிர்களுக்கும் கேடுதான். பிடில் வண்டுக்கு அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய மரங்கள் வயதாகி, பட்டுப்போய், விழுந்து மக்கும் காடு அதற்குத் தேவை. காடு பச்சையாக நின்றாலும், பட்ட மரங்களைக் குப்பை என்று அகற்றிவிட்டால் அதற்கு இடமில்லை.

வணிகம் மற்றோர் ஆபத்து. கேமரன் மலை போன்ற சுற்றுலாத் தலங்களில், ஊசி குத்திக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த வண்டுகள் விற்பனைக்கு இருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். விசித்திர உருவம் கொண்ட பிடில் வண்டைச் சேகரிப்போர் எப்போதும் தேடுவார்கள். பல மாதம் வளர்ந்து வெளிவந்த வண்டு முட்டையிடும் முன்பே பிடிபட்டால், அடுத்த தலைமுறையும் அதோடு போய்விடும்.

நாம் செய்யக்கூடியவை

வார இறுதியில் பிள்ளைகளோடு காட்டுப் பாதையில் நடக்கும்போது, விழுந்த மரத்திலுள்ள காளானைக் காலால் தட்டிவிடாமல் இருக்கலாம். பட்டையை உரிக்காமல், குனிந்து விளிம்பை மட்டும் பார்க்கலாம். வண்டு தென்பட்டால் படம் எடுத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிடலாம். கடையில் சட்டம் போட்ட வண்டை வாங்காமல் வரலாம்.

செம்பனையில் முளைத்த காளானைப் பார்த்தால் தோட்ட நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியதுதான். காட்டில் முளைத்த காளானை அப்படியே விட்டுவிடுவோம். அதற்குள் ஒரு வண்டு வளர்ந்துகொண்டிருக்கலாம்.